குழுப் பெட்டிக்குள் கரப்பான் பூச்சி



நிலக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்தில் போன மாதம் குழுக் கூட்டம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் வசூலாகி முடிந்தது. கணக்கு எழுதுவதற்காக ஊக்குநர் அக்கா தகரப் பெட்டியைத் திறந்தார். தீர்மானப் புத்தகத்தைத் தூக்கினதும் அடியில் இருந்து ஏழெட்டு கரப்பான் பூச்சி நாலா பக்கமும் சிதறி ஓடிச்சு. ஒருத்தர் செருப்பைக் கையில் எடுத்தார். இன்னொருத்தர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திண்ணை மேல் ஏறிட்டார். ஒரே சிரிப்பு. புத்தகத்தைப் பார்த்தால் பைண்டிங் ஓரம் முழுக்க அரித்துக் கிடந்தது. புத்தகம் ஒட்டுகிற பசை கரப்பானுக்கு நல்ல சாப்பாடு.

சிரிப்பு அடங்கின பிறகு பேச்சு அதிலேயே நின்றுவிட்டது. "எங்க வீட்ல இதைவிடப் பெரிசு மேடம், மழைக்கு முன்னாடி பறக்கும்" என்றார் ஒருவர். "எங்க வீட்ல வெள்ளையா ஒண்ணு திரியுது, அது விஷக் கரப்பான்னு எங்க மாமியார் சொல்றாங்க" என்றார் இன்னொருவர். அப்போது ஒரு வயதான அம்மா ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்: "இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பேச்சு? மல்லிகைக்கு அடிக்கிற மருந்துல ஒரு மூடி எடுத்து, தண்ணியில கலந்து அடுப்படி மூலையெல்லாம் தெளிச்சேன். ஒண்ணுகூட இல்ல."

எனக்குத் திக்கென்றது. அந்த அம்மாவின் பேரனுக்கு நாலு வயசு. மாதம் ஒரு தடவையாவது இளைப்பு வந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கிட்டு ஓடுகிற பிள்ளை. அவன் படுத்துத் தூங்குவது அந்த அடுப்படியை ஒட்டின அறையில்தான்.

அன்றைக்கு மற்ற அஜெண்டா எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு இதைத்தான் பேசினோம். மற்ற குழுக்களுக்கும் தெரியட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் இருப்பது எது?

கரப்பான், கரப்பு, பாச்சை என்று ஊருக்கு ஒரு பேர் சொன்னாலும் நமக்கு எல்லாம் ஒரே பூச்சிதான். ஆனால் நம்ம வீடுகளில் அதிகமாகத் திரிவது மூன்று வகை. மூன்றும் வெவ்வேறு இடத்தில் குடியிருக்கும். எது என்று தெரியாமல் மருந்து வைத்தால் காசும் போகும், பூச்சியும் போகாது.

முதலாவது பெரிய கரப்பான். ஒன்றரை அங்குல நீளம் இருக்கும், செம்பழுப்பு நிறம். தலையை மூடினாற்போல ஒரு கேடயம் இருக்கு பாருங்கள், அதைச் சுற்றி மங்கலான மஞ்சள் விளிம்பு இருக்கும். ராத்திரியில் புழுக்கமாக இருந்தால் பறந்து வந்து மேலே விழுவது இதுதான். இது வீட்டுக்குள் பிறந்து வளர்கிற பூச்சி இல்லை. சாக்கடை, கக்கூஸ் குழி, செப்டிக் டேங்க், குளியலறை ஜலதாரை, ஈரமான விறகு அடுக்கு, இதெல்லாம்தான் இதன் வீடு. நம்ம அடுப்படிக்கு விருந்தாளியாக வருது. எங்கே மிதித்துவிட்டு வருது என்று யோசித்தாலே போதும், மேற்கொண்டு நான் சொல்ல வேண்டாம். முட்டையைத் தனித்தனியாகப் போடாது. தட்டைப்பயறு அளவில் கரும்பழுப்பாக ஒரு கூடு போட்டு, சந்துபொந்தில் ஒட்டி வைத்துவிட்டுப் போய்விடும். ஒரு கூட்டில் 14, 16 முட்டை வரை இருக்கும். குஞ்சு வளர்ந்து பெரிசாக ஆறு மாதத்துக்கு மேல் ஆகும்.

இரண்டாவது சின்னக் கரப்பான். அரை அங்குலம்தான், வெளிர் பழுப்பு நிறம். கேடயத்தின் மேல் பக்கத்துக்குப் பக்கமாக இரண்டு கருப்புக் கோடு, பேனாவால் இழுத்த மாதிரி இருக்கும். இந்த இரண்டு கோட்டைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். இதற்கு இறக்கை உண்டு, ஆனால் பறக்காது. "இது பெரிய கரப்பானோட குட்டி" என்று நிறைய பேர் நினைக்கிறோம், அது தப்பு. இது தனி இனம், வளர்ந்து முடிந்ததே இவ்வளவுதான். உண்மையில் தொல்லை அதிகம் இதனால்தான். இது வீட்டுக்குள்ளேயே பிறந்து, வீட்டுக்குள்ளேயே பெருகும். கிரைண்டர் அடி, மிக்ஸிக்குப் பின்னால், ஃபிரிட்ஜ் மோட்டார், அலமாரிக் கீல், அரிசி டிரம்முக்குப் பின்னால் என்று வெதுவெதுப்பும் கொஞ்சம் ஈரமும் இருக்கிற சந்தாகப் பார்த்து ஒண்டும். முட்டைக் கூட்டைத் தாய்ப்பூச்சி வயிற்றின் நுனியிலேயே சுமந்துகிட்டுத் திரியும், பொரிக்கிற நேரத்தில்தான் இறக்கும். ஒரு கூட்டில் 30 முதல் 40 முட்டை. நம்ம ஊர் வெக்கையில் இரண்டு மூன்று மாதத்துக்குள் அந்தக் குஞ்சு தாயாகிவிடும். கணக்குப் பிள்ளைகளான உங்களுக்கு வட்டிக்கு வட்டி எப்படி ஏறும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவதும் சின்னதுதான், ஆனால் கழுத்தில் அந்த இரண்டு கோடு இருக்காது. அதற்குப் பதில் உடம்பின் குறுக்கே வெளிறின பட்டை இரண்டு இருக்கும். இது ஈரத்தைத் தேடாது. காய்ந்த, உயரமான இடமாகப் பார்க்கும்: டி.வி.க்குள், சுவர்க் கடிகாரம், சாமி படத்துக்குப் பின்னால், பரண், பீரோ மேல். நம்ம குழுப் பெட்டியில் இருந்தது இதுதான் என்று நினைக்கிறேன். ஓடின வேகத்தில் பட்டையை எண்ண முடியவில்லை.

அந்த "வெள்ளைக் கரப்பான்" விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கரப்பான் வளரும்போது பாம்பு மாதிரி சட்டை உரிக்கும். உரித்த உடனே உடம்பு வெள்ளையாக இருக்கும், சில மணி நேரத்தில் கறுத்துவிடும். அதில் தனி விஷம் எதுவும் கிடையாது. ஆனால் வெள்ளையாக ஒன்று கண்ணில் பட்டால், அந்த வீட்டில் கரப்பான் நன்றாக வளர்ந்துகொண்டிருக்கு என்று அர்த்தம்.

இன்னொரு வேடிக்கை. படித்தவர்கள் பெரிய கரப்பானை அமெரிக்கக் கரப்பான் என்றும், சின்னதை ஜெர்மன் கரப்பான் என்றும் சொல்வார்கள். பெரிசு ஆப்பிரிக்காவில் இருந்து கப்பல் ஏறி உலகம் முழுக்கப் போனது. சின்னதோ, 2024ஆம் வருஷம் வெளியான மரபணு ஆய்வின்படி, சுமார் 2100 வருஷத்துக்கு முன்னால் இந்தியா அல்லது மியான்மர் பக்கம் மனிதர்கள் வீட்டை ஒட்டி வாழப் பழகின பூச்சி. பேருதான் ஜெர்மன்.

கடிக்கிறதைவிட நடக்கிறதுதான் ஆபத்து

கரப்பான் கடிப்பது ரொம்ப அபூர்வம். அதன் காலைப் பற்றித்தான் கவலைப்படணும். கால் முழுக்க முள் முள்ளாக இருக்கும், போகிற இடத்து அழுக்கெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். அது மட்டுமில்லை, சாப்பிடும்போதே வாயில் இருந்து கக்கும், அங்கேயே எச்சமும் போடும். மூடாத சோற்றுப் பானையில், கழுவாமல் போட்ட தட்டில், பிள்ளையின் பால் பாட்டில் ரப்பரில் ராத்திரி அது நடந்தால் நமக்குத் தெரியவே தெரியாது.

கரப்பான் உடம்பிலும் வயிற்றிலும் இருந்து வயிற்றுப்போக்கு, சீதபேதி, உணவு விஷமாவது ஆகியவற்றை உண்டாக்கும் கிருமிகளை ஆய்வாளர்கள் பிரித்து எடுத்திருக்கிறார்கள். சால்மோனெல்லா, ஷிகெல்லா, ஈ.கோலை என்று அதற்குப் பேர். குடல்புழு முட்டையையும் சுமந்துவரும். அதற்காக வீட்டில் யாருக்காவது பேதியானால் உடனே கரப்பான் மேல் பழி போட வேண்டாம். தண்ணீர், ஈ, கழுவாத கை எல்லாமே காரணமாக இருக்கலாம். ஆனால் கக்கூஸ் குழிக்கும் அடுப்படிக்கும் நடுவே தினமும் நடக்கிற ஒரு பூச்சியை "அது பாட்டுக்கு இருக்கு" என்று விட முடியுமா?

மாவு அரைத்து விற்கிற, மசாலா பொடி, ஊறுகாய் போடுகிற நம்ம உறுப்பினர்களுக்கு இது பிழைப்பு விஷயமும்கூட. குழுக் கடனில் கிரைண்டர் வாங்கின ஒரு அக்கா வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தோம். மேலே பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார். அடியில் மோட்டார் பக்கம் மிளகுத்தூள் கொட்டின மாதிரி கருப்பாகக் கிடக்குது. "இது மாவுத் தூசி மேடம்" என்றார். மாவு கருப்பாகவா இருக்கும்? அது சின்னக் கரப்பானின் எச்சம்.

"கரப்பான் ஏறினா கரப்பான் வரும்" என்று ஒரு பேச்சு இருக்கு. குழந்தைக்குச் சொறி, நீர்க்கசிவோடு வரும் தோல் நோய்க்கும் நம்ம பக்கம் கரப்பான் என்றுதான் பேர். பேரு ஒன்று என்பதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டோம். பூச்சி மேலே ஏறியதால் அந்த நோய் வருவதில்லை. அப்படி நினைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

தூங்கும்போது சின்னக் கரப்பான் காதுக்குள் போவதும் நடக்கிற விஷயம்தான். ஊக்கு, தீக்குச்சி எதையும் விட்டுக் குத்தக் கூடாது. காதில் சீழோ ஓட்டையோ இல்லாதவர் என்றால், வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய் சில சொட்டு விட்டால் உள்ளே துடிப்பது அடங்கும். பிறகு ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொள்ளலாம்.

பேரனின் இளைப்பு

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். இளைப்பு என்றால் பனி, தயிர், வாழைப்பழம், குளிர்ந்த தண்ணீர் என்று எல்லாவற்றையும் சொல்கிறோம். கரப்பானை யாரும் சொல்வதில்லை. கரப்பானின் எச்சம், எச்சில், உரித்த சட்டை, செத்த உடம்பு எல்லாம் காய்ந்து பொடியாகி வீட்டுத் தூசியில் கலக்குது. பெருக்கும்போது பறந்து மூச்சில் போகுது. எல்லோருக்கும் இது ஒத்துக்காமல் போகாது. ஒத்துக்காத பிள்ளைகளுக்குத் தும்மல், மூக்கு ஒழுகல், ராத்திரி இருமல், நெஞ்சில் விசில் சத்தம் என்று கொண்டுபோய் விடும்.

அமெரிக்காவில் நகரத்து ஏழைப் பகுதிகளில் இளைப்பு இருந்த 476 பிள்ளைகளை வைத்து ஆராய்ச்சி பண்ணி 1997இல் வெளியிட்டார்கள். கரப்பான் ஒத்துக்காத பிள்ளைகள், படுக்கிற அறையிலும் கரப்பான் தூசி அதிகமாக இருந்தால், மற்ற பிள்ளைகளைவிட மூன்று மடங்குக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்ததாம். அவர்கள் வீடு வேறு, நம்ம வீடு வேறுதான். பூச்சி ஒன்றுதான்.

பூச்சி செத்த பிறகும் அந்தத் தூசி மாதக் கணக்கில் அங்கேயே கிடக்கும். அதனால் கொன்றால் மட்டும் போதாது, ஈரத்துணியால் துடைத்து எடுக்கணும். காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசியைக் கிளப்பி விடுகிறோம். அந்த நேரம் இளைப்புப் பிள்ளை வீட்டுக்குள் இருக்கக் கூடாது. டாக்டர் பம்பு கொடுத்திருந்தால் "பழக்கமாயிடும்" என்று பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.

விஷத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தால்

இப்போது அந்த அம்மா தெளித்த மருந்துக்கு வருவோம். வயலுக்கு அடிக்கிற மருந்து திறந்தவெளிக்கு என்று தயாரித்தது. நாலு சுவருக்குள் அடித்தால் தரையிலும், பாத்திரத்திலும், பாயிலும் தங்கிப்போகும். தவழ்கிற பிள்ளை கையை வைத்து வாயில் போடும். இளைப்பு உள்ளவருக்கு அந்த நெடியே போதும், மூச்சு முட்ட. பூச்சி போனால் இளைப்பு குறையும் என்று நினைத்துத்தான் அந்த அம்மா தெளித்திருக்கிறார். நல்ல எண்ணம்தான், அதனால்தான் எனக்கு இன்னும் பயம்.

மீதி மருந்து எங்கே என்று கேட்டேன். எண்ணெய் பாட்டில் பக்கத்தில், அடுப்படி அலமாரியில்!

2013 ஜூலையில் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் பள்ளிக்கூட மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் செத்துப்போனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற வயல் மருந்து கலந்திருந்தது. இதைச் சொன்னதும் கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

கோடு போடுகிற கரப்பான் சாக்பீஸும் மருந்துதான். பிள்ளைகள் கைக்கு அது பள்ளிக்கூட சாக்பீஸ் மாதிரியே இருக்கும், சிலேட்டில் எழுதும், கடிக்கும். அந்துருண்டை மிட்டாய் மாதிரி இருக்கும், அதைத் தின்றால் சில குழந்தைகளுக்கு ரத்தமே கெட்டுப்போகும். அதனால் கரப்பானும் போகாது. மண்ணெண்ணெய் தெளிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பக்கத்தில் அடுப்பு.

தப்பித்தவறி மருந்து யார் வாயிலாவது போய்விட்டால் உப்புத் தண்ணி, புளித் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது மூச்சுக்குழலில் போய்விடும். துணியில் பட்டிருந்தால் கழற்றிவிட்டு, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 108க்குப் போன் பண்ணுங்கள். மருந்து பாட்டிலையோ அட்டையையோ கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள், டாக்டருக்கு அதுதான் முதலில் வேண்டும்.

சரி, என்னதான் செய்வது?

முதலில் ராத்திரி விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, செல்போன் டார்ச்சோடு அடுப்படிக்குப் போய்ப் பாருங்கள். எந்தப் பக்கம் ஓடுதோ அதுதான் அதன் வீடு. பகலிலேயே திரியுது என்றால் உள்ளே இடம் பற்றாமல் நிறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

காசில்லாத பொறி ஒன்று சொல்கிறேன். வாய் அகன்ற ஹார்லிக்ஸ் பாட்டிலின் உள்பக்கக் கழுத்தில் தேங்காய் எண்ணெயை வழவழவென்று தடவுங்கள். உள்ளே வெல்லமும் ரொட்டித் துண்டும் போடுங்கள். வெளிப்பக்கம் ஏறுவதற்குக் காகிதம் சுற்றி, சுவரை ஒட்டி வையுங்கள். உள்ளே விழுந்தது ஏறி வர முடியாது. காலையில் சோப்புத் தண்ணீரை ஊற்றினால் செத்துவிடும். விழுந்ததில் பெரிசு எத்தனை, சின்னது எத்தனை என்று பார்த்தாலே அடுத்து என்ன செய்யணும் என்பது தெரிந்துவிடும்.

பெரிசுதான் அதிகம் என்றால் வழியை அடையுங்கள். ஜலதாரைக்குச் சல்லடை மூடி, கக்கூஸ் குழி மூடியின் வெடிப்புக்குச் சிமெண்ட், காற்றுக் குழாய் வாய்க்கு நைலான் வலை. கதவுக்கு அடியில் இருக்கிற இடைவெளியையும் பாருங்கள். இந்த வேலைக்கு வீட்டு ஆம்பளைகளையும் இழுத்துப் போடுங்கள், எல்லாம் நம்ம தலையிலேயே விழணுமா?

சின்னது என்றால் சல்லடையால் பிரயோஜனம் இல்லை, அது ஏற்கெனவே உள்ளேதான் இருக்கு. கடையில் இருந்து வருகிற அட்டைப் பெட்டி, முட்டை அட்டை, சாக்கு, பழைய ஃபிரிட்ஜ், இதில்தான் வீட்டுக்குள் வருது. பெட்டிக்கடை வைத்திருப்பவர்கள் அட்டைப் பெட்டிகளைச் சேர்த்து வைக்காமல் வாரா வாரம் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம். ராத்திரி எச்சில் பாத்திரம், சிந்தின மாவு, சொட்டுகிற குழாய் மூன்றும் இருக்கக் கூடாது. சாப்பாடு இல்லாமல் வாரக் கணக்கில் தாங்கும், ஆனால் சின்னதால் தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்க முடியாது.

இதோடு மருந்துக் கடையில் கிடைக்கிற போரிக் பவுடரைச் சம அளவு கோதுமை மாவு, சர்க்கரையோடு பிசைந்து சுண்டைக்காய் அளவு உருண்டை பிடித்து, சந்துக்குள் வைக்கலாம். இதுவும் விஷம்தான். சமைக்கிற பாத்திரத்தில் பிசையாதீர்கள். பிள்ளை, கோழி, நாய் எதற்கும் எட்டக் கூடாது. தவழ்கிற பிள்ளை இருந்தால் இது வேண்டவே வேண்டாம், பொறியே போதும். உடனே சாகாது, ஒன்றிரண்டு வாரம் பொறுக்கணும். காசு செலவழிக்க முடிந்தவர்கள் கரப்பானுக்கென்றே விற்கிற ஜெல் மருந்தைத் துவரம்பருப்பு அளவு புள்ளி புள்ளியாக வைக்கலாம். அதை வைத்த இடத்தில் ஸ்பிரே அடிக்காதீர்கள், அந்த வாடைக்கு ஜெல்லைத் தின்ன வராது. முட்டைக் கூட்டுக்குள் இருப்பதை எந்த மருந்தும் லேசில் தொடாது. "அடிச்சேன், ஒரு மாசத்துல திரும்ப வந்துடுச்சு" என்கிறோமே, அதற்குக் காரணம் இதுதான். மாதம் கழித்து மறுபடி வைக்கணும்.

அந்த அம்மா வீட்டுக்கு மூன்று வாரம் கழித்துப் போனேன். அடுப்படியைச் சோப்புத் தண்ணீரால் இரண்டு தடவை கழுவிவிட்டிருந்தார்கள். மருந்து பாட்டில் தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போய், பூட்டும் போட்டாச்சு. பையனின் பாய் அடுப்படிப் பக்கம் இருந்து திண்ணை அறைக்கு மாறியிருக்கு. இளைப்பு அடியோடு நின்றுவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். இந்த மாதமும் ஒரு தடவை வந்தது. ராத்திரி இருமல் மட்டும் குறைஞ்சிருக்கு என்று பாட்டி சொல்கிறார். பம்பைத் தொடரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

தீர்மானப் புத்தகத்தைப் புதிதாக பைண்டிங் செய்தாயிற்று. பெட்டியை ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்தார்கள். அந்த பைண்டிங் செலவை குழுப் பொது நிதியில் இருந்து எடுத்துக்கொள்ள, அதே புத்தகத்தில் தீர்மானமும் எழுதியிருக்கிறார்கள்.